ஜேம்ஸ் லாஸ்ற்: மெல்லிசைத் தலைவரின் ஃபங்க், டிஸ்கோ முகம்

1985 இன் தொடக்கத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் வந்திறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கேட்ட எம்மவர்களில் நானும் ஒருவன். மேற்கு ஜேர்மனி எங்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பியது. எனக்கு விழுந்தது பிறேமன். நகரத்தின் ஓரத்தில் ஒரு ஹைம். ஒரு மாடியில் பதினொரு பேர், ஒரு குசினி, ஒரு ரெலிபோன். வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் வேறு மாவட்டத்துக்குப் போகவும் ஏலாது. பகல் முழுவதும் கடிதத்துக்குக் காத்திருப்போம், இரவு முழுவதும் ரெலிபோனுக்குக் காத்திருப்போம்.

அந்த ஹைமைப் பராமரித்த கிழவர் ஒருநாள் ஒரு பழைய றெக்கோட் பிளேயரையும் ஒரு மட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பெட்டியைக் கிளறிப் பார்த்தால் பாதிக்குமேல் ஒரே ஆளின் படம். ஒழுங்காக வெட்டிய தாடி, பல் தெரியச் சிரிப்பு. பேர் ஜேம்ஸ் லாஸ்ற். நாங்கள் அவருக்கு வைத்த பேர் 'சிரிப்பர்'.

நாலைந்து தட்டுகளைப் போட்டுப் பார்த்தோம். வயலின்கள் சர்க்கரைப்பாகுபோல வழிந்தன. பெரிய கடைகளில் சாமான் எடுக்கும்போது தலைக்கு மேலே ஒலிக்குமே, அந்த வகை. ஆறாவதோ ஏழாவதோ தட்டில் கதை மாறியது. முதலில் கொங்கா மேளங்கள், பிறகு றம்ஸ், அதற்கடியில் நெளிந்து நெளிந்து ஓடும் ஒரு பேஸ் கிற்றார், இடையிடையே வெட்டி வெட்டி விழும் றம்பெற்றுகள். குசினியில் பருப்புக்கு நின்ற அண்ணை அகப்பையோடு வெளியே வந்தார்.

"உது ஆரடா தம்பி? பொனி எம்மோ?"

"இல்லையண்ணை. சிரிப்பர்தான்."

அந்தத் தட்டின் பேர் 'வூடூ பார்ட்டி'. 1971 இல் வந்தது. அன்றிலிருந்து இந்த மனிதரின் மறுபக்கத்தைத் தேடுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தைகளில் ஒரு மார்க்குக்கு இரண்டு தட்டு என்று வாங்கிச் சேர்த்ததில் எனக்குத் தெரியவந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். தமிழில் இவரைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட ஒன்று என் கண்ணில் பட்டதில்லை.

ஜேம்ஸ் லாஸ்ற்றின் உண்மைப் பேர் ஹான்ஸ் லாஸ்ற். நெருங்கியவர்களுக்கு ஹான்சி. 1929 ஏப்ரல் 17 ஆம் திகதி பிறேமனில், செபால்ட்ஸ்புறூக் என்ற பகுதியில் பிறந்தார். நான் இருந்த ஹைமிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். அங்கே போர்க்வார்ட் என்ற கார்த் தொழிற்சாலை இருந்தது. இன்று அந்த இடத்தில் மேர்சடிஸ் தொழிற்சாலை நிற்கிறது. தகப்பன் நகரசபையின் எரிவாயு, மின்சாரப் பகுதியில் வேலை செய்தவர். வேலை முடிந்து வந்தால் வாத்தியம் எடுத்து வாசிப்பவர். வேர்ணர், றொபேர்ட் என்று அண்ணன்மார் இருவரும் இசைக்காரர்களாகவே ஆனார்கள்.

ஹான்சிக்கு 14 வயதானபோது, 1943 இல், அவரைப் பிறேமனுக்குத் தெற்கே பியூக்கபேர்க் என்ற சிறு பட்டினத்தில் இருந்த இராணுவ இசைப் பள்ளியில் சேர்த்தார்கள். போர் உச்சத்தில் நின்ற காலம். இராணுவத்தின் பாண்ட் வாத்தியக் குழுக்களுக்கு ஆள் தயாரிக்கும் பள்ளி அது. அங்கே அவர் படித்தது பித்தளை வாத்தியம், பியானோ, பேஸ். பேஸ் என்றால் ஆளுயரத்துக்கு நிமிர்த்தி நிறுத்தி விரலால் சுண்டி வாசிக்கும் பெரிய வயலின் வகை. பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்த வாத்தியம்தான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர் பள்ளியில் இருந்தபோது பிறேமன் எரிந்தது. கப்பல் கட்டும் துறைகளும் போக்க-வூல்ஃப் விமானத் தொழிற்சாலையும் இருந்த நகரம் என்பதால் நேச நாட்டு விமானங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 1944 ஓகஸ்ட் 18 இரவுக் குண்டுவீச்சு ஒன்றே நகரத்தின் மேற்குப் பகுதியைத் துடைத்தெறிந்தது. போர் முடிந்தபோது நகரத்தின் வீடுகளில் பாதிக்கு மேல் இல்லை. 1945 இல் ஊர் திரும்பிய 16 வயதுப் பொடியன் பார்த்தது அந்தப் பிறேமனை. எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும்.

பிறேமனைப் பிடித்தது பிரித்தானியப் படை. ஆனால் அமெரிக்கருக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டதால், பிரித்தானிய வலயத்துக்கு நடுவே பிறேமன் மட்டும் அமெரிக்கர் கையில் ஒரு தீவுபோல ஆனது. இது சின்ன நிர்வாக விஷயம்போலத் தெரியும். இசை வரலாற்றில் சின்னதல்ல. அமெரிக்கச் சிப்பாய்களோடு அவர்களின் வானொலியும் வந்தது, மனமகிழ் மன்றங்களும் வந்தன, அந்த மன்றங்களில் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. நாஸி அரசு 1935 ஒக்ரோபரிலேயே ஜாஸ் இசையை வானொலியில் தடை செய்திருந்தது. கறுப்பரின் இசை, இழிந்த இசை என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்போது ஹான்சிக்கு ஆறு வயது. ஆக, பத்து வருடம் கேட்கக்கூடாது என்று வைக்கப்பட்ட இசையை, அணிநடைக்கு வாசிக்கப் பழக்கப்பட்ட கையால், தோற்ற நாட்டின் பிள்ளை வென்ற நாட்டுச் சிப்பாய்க்கு வாசித்துப் பிழைக்க வேண்டிய நிலை. அவர் அதை ஒரு தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து படித்தார்.

அண்ணன்மாரோடு பிறேமன் வானொலியின் நடன இசைக்குழுவில் சேர்ந்தார். 1948 இல் லாஸ்ற்-பெக்கர் குழு என்று ஒன்றை நடத்தினார். 1950, 1951, 1952 மூன்று வருடமும் ஜேர்மனியின் சிறந்த ஜாஸ் பேஸ் வாத்தியக்காரராக வாசகர் வாக்கெடுப்பில் தெரிவானார். 1955 இல் ஹாம்பேர்க் வானொலியின் நடன இசைக்குழுவுக்குப் போனார். பிறகு பொலிடோர் நிறுவனத்துக்கு மற்றப் பாடகர்களின் பாட்டுகளுக்கு வாத்திய ஒழுங்கு எழுதிக்கொடுக்கும் வேலை. 'ஜேம்ஸ்' என்ற பேரை வைத்ததும் அந்த நிறுவனம்தான். ஹான்ஸ் என்றால் வெளிநாட்டில் விலைப்படாது என்று நினைத்திருப்பார்கள்.

1965 இல் வந்த 'நொன் ஸ்ரொப் டான்சிங்' என்ற தட்டுத்தான் அவரைத் தூக்கிவிட்டது. யோசனை எளிது. அந்த வருடம் ஓடிய பாட்டுகளில் இருபதுக்கு மேல் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ மட்டும் வாசித்து, இடைவெளி விடாமல் ஒன்றுக்குள் ஒன்றாக இணைத்துவிடுவது. அதற்கு மேலே ஆட்கள் சிரிப்பது, பேசுவது, கைதட்டுவது, கூடிப் பாடுவது எல்லாவற்றையும் பதிந்து சேர்ப்பது. வீட்டில் தட்டைப் போட்டால் கொண்டாட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். ஆடுகிற ஆள் பாட்டு முடிந்ததென்று போய் இருக்க வழியில்லை.

இதை விமர்சகர்கள் மலிவான தந்திரம் என்றார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். 1970 களில் நியூயோர்க் டிஸ்கோ மண்டபங்களில் இசைத்தட்டு ஓட்டியவர்கள் செய்த அடிப்படைக் காரியம் இதேதான், தாளம் அறாமல் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. குளோரியா கேய்னரின் 1975 ஆம் ஆண்டு அல்பத்தில் ஒரு முழுப் பக்கத்தையும் இடைவெளியில்லாமல் இணைத்ததை டிஸ்கோ வரலாற்றில் பெரிய படியாகச் சொல்வார்கள். ஹாம்பேர்க்கில் ஒருவர் அதைப் பத்து வருடம் முன்னமே செய்து இலட்சக்கணக்கில் விற்றிருந்தார். நியூயோர்க்காரர் இவரைப் பார்த்துப் படித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடுகிற ஆளின் காலை அறிந்த எவரும் அந்த இடத்துக்கே வந்து சேருவார்.

இந்த வரிசையில் வருடத்துக்கு ஒன்றாக, சில வருடம் இரண்டாக, தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. 1973 ஆம் ஆண்டுத் தட்டில் ஹோக்விண்ட் என்ற ஆங்கில றொக் குழுவின் 'சில்வர் மெஷின்' பாட்டைக்கூட அவர் எடுத்து வாசித்திருக்கிறார். நீள முடியும் மயக்கமருந்தும் என்று பேரெடுத்த குழு அது. சந்தையில் ஓடுகிற எதையும் இவர் விடவில்லை. இது அவர் பலம், பலவீனம் இரண்டும்.

வூடூ பார்ட்டிக்கு வருகிறேன். அதில் வரும் பாட்டுகளின் பட்டியலைப் பார்த்தாலே இது வழக்கமான மெல்லிசைத் தட்டு அல்ல என்று தெரியும். சன்ரானா குழுவின் 'சே அக்கபோ' இருக்கிறது. ஸ்லை அன்ட் த ஃபமிலி ஸ்ரோன் குழுவின் 'சிங் எ சிம்பிள் சோங்' இருக்கிறது. மார்வின் கேயின் 'இன்னர் சிற்றி புளூஸ்' இருக்கிறது. கடைசியாகச் சொன்ன பாட்டு கேயின் அல்பத்தில் அதே 1971 இல்தான் வந்தது. அமெரிக்க நகரங்களின் கறுப்பினச் சேரிகளில் வறுமை, வரி, வியட்நாமுக்கு ஆள் பிடிப்பது என்று உள்ளே கொதித்துக்கொண்டிருந்ததைச் சொன்ன பாட்டு. அது வந்த சூட்டோடு ஒரு ஜேர்மன் நடன இசைத் தலைவர் அதைக் கையில் எடுக்கிறார். இன்னொன்று. ஃபங்க் இசையின் தகப்பன் என்று சொல்லப்படும் ஜேம்ஸ் பிறவுண் பொலிடோர் நிறுவனத்தில் வந்து சேர்ந்ததும் 1971 இல்தான். ஒரே நிறுவனத்தில் இரண்டு ஜேம்ஸ்கள்.

ஃபங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அணிநடையை வைத்து விளக்குவதுண்டு. எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டிக்குப் பாண்ட் வாத்தியத்தோடு நடந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இடது, வலது, இடது, வலது. இடது காலில் பெரிய மேளம் விழும். ஒவ்வொரு அடியும் எங்கே விழும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தால்தான் நூறு பேர் ஒரு ஆள்போல நடக்கலாம். ஜாஸிலும் அதன் வழிவந்த சோல் இசையிலும் நாலு அடியில் இரண்டாவதும் நாலாவதும் அழுத்தம் பெறும். கால் விழுகிற இடத்தில் அல்ல, கால் தூக்குகிற இடத்தில் கைதட்டல். ஃபங்க் இன்னும் ஒரு படி போனது. முதல் அடியை எல்லா வாத்தியமும் சேர்ந்து பலமாகக் குத்தும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியையும் நாலாக வெட்டி, அந்தச் சின்னச் சின்னத் துண்டுகளில் பேஸும் றம்ஸும் கிற்றாரும் ஆளுக்கொரு இடத்தில் ஒளிந்து விளையாடும். எங்கே ஒலிக்கிறது என்பதைப்போல எங்கே ஒலிக்கவில்லை என்பதும் முக்கியம். தவில்காரர் ஒரு அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டு எங்களை அந்தரத்தில் நிற்கவைத்து, பிறகு சமத்தில் வந்து விழுவாரே, அந்தச் சுகம்.

இதில் பேஸ் கிற்றார்தான் ராசா. பெரும்பாலான மெல்லிசைத் தலைவர்கள் வயலினிலிருந்தோ பியானோவிலிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கு இசை மேலிருந்து கீழே இறங்கும், முதலில் மெட்டு, கடைசியில் தாளம். லாஸ்ற் பேஸ்காரர். அவருக்குக் கீழிருந்துதான் வீடு கட்டத் தெரியும். வூடூ பார்ட்டியில் மெட்டை மறந்துவிட்டு அடித்தளத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். அது இல்லாமல் அந்தத் தட்டு இல்லை. அவரது குழுவில் இருந்தவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல. பல வருடம் றம்ஸ் அடித்தது அண்ணன் றொபேர்ட். கிற்றார் வாசித்த பீற்றர் ஹெஸ்லைன், லூசிஃபர்ஸ் ஃபிறெண்ட் என்ற கடும் றொக் குழுவின் ஆள். லண்டனிலிருந்து வந்து றம்பெற் வாசித்த டெரெக் வோட்கின்ஸ் ஜேம்ஸ் பொண்ட் படங்களின் இசையில் ஒலித்தவர். இப்படிப்பட்டவர்கள் ஒரு வருடத்தில் பாதி நாள் மெழுகுதிரி வெளிச்சத்துக்கான மெட்டுகளை வாசித்துவிட்டு, இடையில் ஒரு வாரம் கயிறை அவிழ்த்துவிட்டால் எப்படி வாசிப்பார்கள்? அந்தச் சந்தோசம் தட்டில் கேட்கிறது.

குறையும் சொல்லவேண்டும். வூடூ என்பது ஹெயிற்றி நாட்டின் அடிமைப்பட்ட மக்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து காப்பாற்றிய சமயம். அதைப் 'பார்ட்டி' ஆக்கிப் பேர் வைத்தது அந்தக் காலத்து ஐரோப்பிய வியாபாரப் புத்தி. எங்கள் வேள்வியையோ பறைமேளத்தையோ ஒருவர் எடுத்துத் தட்டின் மட்டையில் இப்படிப் போட்டால் நாங்கள் எப்படி உணர்வோம்? மார்வின் கேயின் பாட்டிலும் அவரது குரலில் இருந்த வலி இங்கே இல்லை. தாளம் வந்திருக்கிறது, கோபம் வரவில்லை. இரவல் வாங்கிய இசையில் எது வரும், எது வராது என்பதற்கு நான் இந்த ஒரு பாட்டைத்தான் உதாரணம் காட்டுவேன்.

இரவல் என்ற குறை குறைவாக உள்ளது 1975 இல் வந்த 'வெல் கெப்ற் சீக்ரெற்'. நன்றாகக் காத்த இரகசியம் என்று பொருள். என்னைக் கேட்டால் இவருடைய எல்லாத் தட்டுகளிலும் சிறந்தது இதுதான். தனது வழக்கமான குழுவை ஹாம்பேர்க்கில் விட்டுவிட்டு லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், அங்குள்ள ஸ்ரூடியோக் கலைஞர்களை வைத்துப் பதிந்தது. தயாரித்தவர் வெஸ் ஃபரல். 'ஹாங் ஒன் ஸ்லூப்பி' பாட்டை எழுதியவர்களில் ஒருவர், பார்ட்றிட்ஜ் ஃபமிலி பாட்டுகளின் தயாரிப்பாளர். பார்ட்டிச் சத்தம் இல்லை, கைதட்டல் இல்லை, கூடிப் பாடுதல் இல்லை. வாத்தியங்கள் மட்டும் தனித்தனியாக, சுத்தமாக ஒலிக்கின்றன.

முதலில் கேட்க வேண்டியது போல் அன்காவின் 'ஜூபிலேஷன்'. மெதுவாகத் தொடங்கி, பிரசங்கியார் சபையை எழுப்புவதுபோல ஒவ்வொரு வாத்தியமாக எழுப்பிக்கொண்டு போகிறது. கோல் போர்ட்டரின் 'லவ் ஃபோர் சேல்', கேர்ஷ்வினின் 'சமர்டைம்' இரண்டும் 1930 களின் பாட்டுகள். இரண்டையும் எடுத்து 1975 இன் நகரத் தெருவில் நடக்கவிட்டிருக்கிறார்.

ஆனால் என்னை இருத்திவைத்தது 'பொலேரோ 75'. பிரெஞ்சு இசைமேதை ரவெலின் 1928 ஆம் ஆண்டுப் படைப்பு அது. மூலத்தில் ஒரு சின்ன முரசு தொடக்கத்திலிருந்து முடிவுவரை கால் மணிநேரம் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடிக்கும். இராணுவ அணிவகுப்பில் அடிக்கும் அதே வகை முரசு. மேலே மெட்டு சுற்றிச் சுற்றி வர, கீழே முரசு மாறவே மாறாது. லாஸ்ற் அந்த முரசின் இடத்தில் ஃபங்க் றம்ஸையும் பேஸையும் வைத்துவிட்டார். மெட்டு அப்படியே இருக்கிறது, ஆனால் அடியில் நடை இல்லை, ஆட்டம் இருக்கிறது. பியூக்கபேர்க் பள்ளியில் முரசுக்கு நடந்து பழகிய பிள்ளை 46 வயதில் செய்தது இது.

இந்தத் தட்டு அவரது பார்ட்டித் தட்டுகள் அளவுக்குப் பேசப்படவில்லை. வாங்குகிறவர்கள் சிரிப்பரைத்தான் எதிர்பார்த்தார்கள். 1977 இல் அவர் ருமேனியக் குழல் கலைஞர் ஜோர்ஜே சம்ஃபீரோடு சேர்ந்து 'தனித்த மேய்ப்பன்' என்ற மெட்டை வெளியிட்டார். உலகமெல்லாம் அவரை அறிந்தது அதனால்தான். 2003 இல் 'கில் பில்' படத்தில் அது வந்தபோது இளையவர்களும் அறிந்தார்கள். அது நல்ல மெட்டு. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

டிஸ்கோவுக்கு வருவோம். டிஸ்கோ என்றதும் எல்லோரும் அமெரிக்காவை நினைப்பார்கள். பாதிக் கதை ஜேர்மனியில் நடந்தது. மியூனிச் நகர ஸ்ரூடியோக்களில் 1975 இல் சில்வர் கொன்வென்ஷன் என்ற குழு பதிந்த 'ஃப்ளை றொபின் ஃப்ளை' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அதே நகரத்தில் ஜோர்ஜியோ மொறோடர் டொனா சமரை வைத்து 1977 இல் 'ஐ ஃபீல் லவ்' பாட்டைப் பெரும்பாலும் மின்னணு வாத்தியத்தாலேயே செய்தார். எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கியில் அலறிய பொனி எம் குழுவும் ஜேர்மனியில் தயாரானதுதான். குசினி அண்ணையின் காது அவ்வளவு பிழை இல்லை.

டிஸ்கோவின் கட்டுமானம் ஃபங்க்கைவிட எளிது. கால் மேளம் நாலு அடியிலும் சமமாக விழும். அடிகளுக்கு நடுவே கைத்தாளம் திறந்து மூடும். நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டிய வேகம். மேலே வயலின்கள். கவனித்தால், நாலிலும் சமமாக விழும் அந்த மேளம் அணிநடைக்கு மறுபடி கிட்ட வருகிறது. வயலின் கூட்டம் வேறு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆகவே மெல்லிசைத் தலைவர்கள் பலர் 1976 க்குப் பிறகு டிஸ்கோவில் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்கள். பெரும்பாலானவை தேறாது. லாஸ்ற்றுடைய சிலவும் தேறாது. 1979 இல் வந்த 'கோப்பகபானா' தட்டை எடுத்தால், ஆடச் சரி, இருந்து கேட்கச் சரிவராது. சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பழைய தட்டுகளைத் தேடுகிறவர்கள் இப்போது அவர் பேரைக் கண்டாலே விலை ஏற்றுகிறார்கள்.

அந்த அலையில் அவருக்குக் கிடைத்த நல்ல விளைச்சல் 1980 இல் வந்தது. 'அமெரிக்கன் ஜிகொலோ' படத்துக்கு மொறோடர் போட்ட காதல் மெட்டை 'த செடக்ஷன்' என்ற பேரில் லாஸ்ற்றின் குழு வாசித்தது. அமெரிக்கப் பட்டியலில் 28 ஆம் இடம். அந்த நாட்டில் முதல் நாற்பதுக்குள் அவர் பேரில் வந்தது அது ஒன்றுதான். ஆட்டத் தாளத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கி, சக்ஸபோனை முன்னே விட்டு, டிஸ்கோ அடங்கிவரும் நேரத்துக்கு ஏற்றபடி செய்திருந்தார்கள். 1979 ஜூலையில் சிக்காகோவின் விளையாட்டரங்கு ஒன்றில் டிஸ்கோத் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்து ஆரவாரம் செய்திருந்தார்கள். கறுப்பரும் ஸ்பானிய மொழிக்காரரும் வளர்த்த இசை என்பதும் அந்த வெறுப்புக்குள் இருந்தது. தட்டுகளை எரிப்பதும் வெடிப்பதும் யாருக்கும் நல்ல அறிகுறியாக இருந்ததில்லை. புத்தகங்கள் எரிந்த ஊரிலிருந்து வந்தவன் நான்.

ஜேர்மனியில் படித்தவர்கள் மத்தியில் லாஸ்ற்றுக்கு மதிப்பு இருக்கவில்லை. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அவர் தகப்பன்மாரின் இசை. என்ன நடந்தது என்று பேச மறுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பியர் குடித்து ஆடுகிற தகப்பன்மார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் தட்டுகளில் போரும் இல்லை, அழிக்கப்பட்ட யூதர்களும் இல்லை. 1965 இல் வெளிவந்த பார்ட்டிச் சத்தத்தில் சிரிக்கிற குரல்களுக்கு இருபது வருடம் முன்னர் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். அதே நேரம், மற்ற நாடுகளில் கறுப்பு அமெரிக்க இசையைக் காதுகொடுத்துக் கேட்காத வீடுகளுக்குள் ஸ்லை ஸ்ரோனின் பாட்டைக் கொண்டுபோய் வைத்தவரும் இவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துப் பார்க்கவேண்டும்.

1987 மே மாதம் இந்த வாக்குவாதம் எங்கள் ஹைமுக்குள்ளேயே வந்தது. வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கிய நாட்கள். எங்கள் மாடியில் நாலு பேர் வடமராட்சி. ரெலிபோன் எடுபடவில்லை. ஒரு பின்னேரம் புதிதாக வந்த பொடியன் ஒருவன், விஷயம் தெரியாமல், வூடூ பார்ட்டியைப் போட்டுவிட்டான். அண்ணை வந்து ஊசியை இழுத்துத் தூக்கினார். தட்டில் நீளமாகக் கீறல் விழுந்தது.

"அங்க சனம் கோயிலுக்குள்ள கிடக்குது, உனக்கு இங்க ஆட்டமோடா?"

பொடியன் அழுதுவிட்டான். அவனுடைய தாயும் அங்கேதான் இருந்தா. அதன் பிறகு மாதக்கணக்கில் யாரும் பெட்டியைத் தொடவில்லை.

பராமரிப்புக் கிழவர் ஏன் பாட்டைக் காணவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் சொன்னேன். அவர் லாஸ்ற்றைவிட ஒரு வயது மூத்தவர். 15 வயதில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுக்கப் பிடிக்கப்பட்டவர் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு தங்கை குண்டுவீச்சில் போனதாம். நான் கேட்டேன், போர் முடிந்த கையோடு நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்று. அவர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. 1946 இல் தாங்கள் போன ஆட்ட மண்டபத்துக்குப் பாதிக் கூரை இல்லை என்றார். நுழைவுக்குக் காசு இல்லை, ஆளுக்கொரு நிலக்கரிக் கட்டி கொண்டுபோக வேண்டும், அதைப் போட்டுத்தான் அடுப்பு மூட்டினார்கள் என்றார். தாய் கறுப்பு உடுப்போடு வீட்டில் இருந்தா, தான் போகும்போது நிலக்கரியை எடுத்துத் தந்தது அவதான் என்றார். பிறகு தன் திறப்புக்கோர்வையை எடுத்துக்கொண்டு மாடி இறங்கிப் போய்விட்டார்.

லாஸ்ற் தனது குழுவோடு கடைசிவரை மேடையேறினார். பிரித்தானியாவில் 1967 முதல் 1986 வரை அவரது 52 அல்பங்கள் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றன. லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் மட்டும் 90 தடவை வாசித்தார். எல்விஸ் பிறெஸ்லி பாடிய 'ஃபூல்', அன்டி வில்லியம்ஸ் பாடிய 'ஹப்பி ஹார்ட்' இரண்டும் இவர் போட்ட மெட்டுகள் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்தில் மதிப்பும் திரும்பி வந்தது. ஹாம்பேர்க்கின் ஹிப்ஹொப் குழுவான ஃபெற்றஸ் ப்றோட் அவரோடு சேர்ந்து பாட்டு வெளியிட்டது. தகப்பன்மார் ஆடியதைப் பார்த்து வெட்கப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரன் முறையில், அதே தட்டுகளின் றம்ஸையும் பேஸையும் தேடி எடுத்தார்கள். 2015 ஏப்ரலில் கடைசிச் சுற்றுப்பயணத்தை முடித்தார். ஜூன் 9 ஆம் திகதி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காலமானார். வயது 86. ஹாம்பேர்க்கின் ஓல்ஸ்டோர்ஃப் சுடலையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

தேடிக் கேட்க விரும்புகிறவர்களுக்கு: முதலில் 'வெல் கெப்ற் சீக்ரெற்'றில் பொலேரோவையும் ஜூபிலேஷனையும் கேளுங்கள். பிறகு வூடூ பார்ட்டியில் 'சிங் எ சிம்பிள் சோங்'. அதற்குப் பிறகு 'த செடக்ஷன்'. கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸ் விழுந்துவிடும், மிஞ்சுவது சிரிப்பர் மட்டும்தான். காதில் மாட்டிக் கேளுங்கள்.

என்னிடம் அந்தப் பழைய தட்டு இன்னும் இருக்கிறது. அண்ணை கீறிய இடத்தில் ஊசி துள்ளி மூன்று சுற்றைத் தாண்டி விழும். 1989 இல் அவருக்கு விசா கிடைத்து, தம்பியாரை ஊரிலிருந்து கூப்பிட்டெடுத்த அன்று, பெட்டியிலிருந்து அதைத் தேடி எடுத்துப் போட்டவர் அவர்தான். கீறல் வரும் இடத்தில் விரலால் ஊசியை மெல்லத் தள்ளிவிட்டார்.